கொடிக்கு இன்னும் 150 கஜம்

அபிராமபுரத்திலிருந்து சேமியர்ஸ் ரோடு பிடித்து மேற்கே போனால் நந்தனம் சிக்னல். அங்கிருந்து சைதாப்பேட்டை போகிற வழியில் அண்ணா சாலையை ஒட்டி காஸ்மோபாலிடன் கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் அந்த வழியாகப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கும், பணக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நடக்கிற இடம் என்பதோடு சரி.

கோல்ஃப் என்றதும் டிவியில் பார்த்த ஒரு காட்சிதான் ஞாபகத்துக்கு வரும். ஒருவர் இடுப்பை வளைத்து ஓங்கி ஒரு அடி அடிப்பார், பந்து வானத்தில் காணாமல் போகும், கூட்டம் கைதட்டும். ஆனால் ஆட்டம் தெரிந்தவர்களைக் கேட்டால் விதி தீர்மானமாவது அந்த அடியில் இல்லை, அதற்கு அடுத்த அடியில் என்பார்கள். ஒரு குழி 400 கஜ தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அடி 250 கஜம் போய்விட்டது. மீதி 150 கஜம். அந்த இடத்திலிருந்து, குழி இருக்கும் வழவழப்பான புல்தரையில் (அதன் பெயர் கிரீன்) பந்தைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். இதுதான் அப்ரோச் ஷாட். ஒரு சராசரி கிரீனின் பரப்பு 5,000 சதுர அடி சொச்சம். மெட்ராஸ் கணக்கில் சொன்னால் இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். 150 கஜத்திலிருந்து பார்த்தால் அது ஒரு பாய் விரித்த மாதிரிதான் தெரியும். குழியின் விட்டமோ நாலேகால் அங்குலம்.

ஓங்கி அடிக்க உடம்பு போதும். இதற்கு யோசனை வேண்டும். தூரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், பந்து விழுந்ததும் நிற்குமா ஓடுமா, எல்லாவற்றுக்கும் மேலாக, தவறினால் எந்தப் பக்கம் தவறலாம். கடைசிக் கேள்விதான் முக்கியம். கொடிக்கு வலது பக்கம் மணல்குழி, இடது பக்கம் வெறும் புல் என்றால், கெட்டிக்காரன் கொடியைக் குறி வைக்க மாட்டான். இடது பக்கம் தள்ளித்தான் அடிப்பான்.

இந்த யோசனையை இருநூறு வருஷமாக யார் செய்தார்கள், யாருடைய தலையில் அது இருந்தது என்று தேடிப்போனால் எதிர்பாராத ஆட்கள் எல்லாம் வருகிறார்கள். முதலில் வருகிறவர் பெருமாள்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பந்து என்றால் தோல் பைக்குள் இறகு அடைத்தது. வாத்து இறகை வேகவைத்து, ஒரு நீளத் தொப்பி நிறைய எடுத்து, உள்ளங்கை அளவுக்கும் சிறிய தோல் உறைக்குள் திணிக்க வேண்டும். கை தேர்ந்த ஆளே ஒரு நாளைக்கு மூன்று நான்கு பந்துதான் செய்ய முடியும். விலை அதிகம். மழையில் நனைந்தால் கனத்துவிடும். இரும்பு மட்டையால் அடித்தால் தையல் விட்டு இறகு பறக்கும். ஆகவே மட்டைகள் பெரும்பாலும் மரம். இரும்பு மட்டை என்பது வண்டித் தடத்திலோ கல்லிலோ பந்து மாட்டிக்கொண்டால் மட்டும் வேண்டா வெறுப்பாக எடுப்பது. கிரீனை நெருங்க 'பாஃபிங் ஸ்பூன்' என்று சரிந்த முகம் கொண்ட ஒரு மர மட்டை இருந்தது. பந்துக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தட்டி, அந்தத் துள்ளலில் பந்தை எழுப்புவது அதன் முறை. எவ்வளவு தூரம் போகும், எங்கே விழும் என்பதெல்லாம் தோராயம்.

1840களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ராபர்ட் பேட்டர்சன் என்பவருக்கு ஒரு விஷ்ணு சிலை பார்சலில் வந்தது. இந்தியாவிலிருந்து என்று ஒரு பாடம், சிங்கப்பூரிலிருந்து என்று இன்னொரு பாடம். சிலை உடையாமல் இருக்கச் சுற்றிலும் கட்டாபெர்ச்சா என்ற மலாய் நாட்டு மரப்பாலின் துண்டுகளை அடைத்திருந்தார்கள். வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் கல்லாக இறுகும் பொருள் அது. பேட்டர்சன் அதை உருட்டிப் பந்து செய்தார் என்று கதை. கதை எவ்வளவு நிஜம் என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் சண்டை உண்டு. ஆனால் 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா பந்து மைதானத்துக்கு வந்துவிட்டது என்பதில் சண்டை இல்லை. பெருமாளைப் பத்திரமாக அனுப்பிய பொருள்தான் கோல்ஃபை மாற்றியது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. :-)

(உபரித் தகவல்: இதே கட்டாபெர்ச்சாதான் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போனது. 1871 வாக்கில் மெட்ராஸைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்த கம்பிகள் அந்தக் காலத்தவை.)

புதுப் பந்து மலிவு. அதைவிட முக்கியம், இரும்பால் அடித்தாலும் உடையாது. அலன் ராபர்ட்சன் என்று ஒருவர், அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர், இறகுப் பந்து செய்து பிழைத்தவர். புதுப் பந்து தன் பிழைப்பில் மண்ணைப் போடும் என்று பயந்து அதைக் கடுமையாக எதிர்த்தார். தன்னிடம் வேலை பார்த்த டாம் மோரிஸ் புதுப் பந்தால் ஆடிவிட்டார் என்று இருவருக்கும் மனஸ்தாபமாகி மோரிஸ் தனிக்கடை போட்டார். வேடிக்கை என்னவென்றால், பாஃபிங் ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிட்டு 'கிளீக்' என்ற இரும்பு மட்டையால் பந்தைத் தாழ்வாகத் தட்டி கிரீன் வரை உருட்டிவிடும் முறையைப் பிரபலமாக்கியதும் இதே ராபர்ட்சன்தான். எதிர்த்த பந்துக்கு ஏற்ற அடியை அவரே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிற்று.

அடுத்த தலைமுறையில் டாம் மோரிஸின் மகன், அவர் பெயரும் டாம் மோரிஸ்தான், வண்டித் தடத்தில் மாட்டிய பந்தை எடுக்கும் 'ரட் அயர்ன்' மட்டையை நல்ல தரையிலிருந்தும் எடுத்து அடித்தார். பந்து உயரப் போய் கிரீனில் விழுந்தது. 1868 முதல் 1872 வரை நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் நான்கிலும் (1871இல் போட்டி நடக்கவில்லை) அவரே சாம்பியன். 1875இல் 24 வயதில் இறந்துபோனார். அப்ரோச் ஷாட்டில் இன்றைக்கும் இருக்கும் இரண்டு பள்ளிகள், உருட்டுவதா தூக்குவதா என்பது, அந்த இரண்டு தலைமுறைக்குள்ளேயே பிறந்துவிட்டது.

அதற்குப் பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. 1898இல் அமெரிக்காவில் ஹாஸ்கல் ரப்பர் நூல் சுற்றிய பந்தைக் கண்டுபிடித்தார். 1905இல் டெய்லர் என்ற இங்கிலாந்துக்காரர் பந்தில் குழிகள் போட்டார். 1910களுக்குப் பிறகு உலக ரப்பரில் பெரும்பங்கு மலாயா, இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தது. அந்தத் தோட்டங்களில் விடிகாலையில் எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும் எண்ணிக்கை தமிழர்கள். அந்த ரப்பர் எங்கே போய் எதுவாயிற்று என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். 1929இல் இரும்புத் தண்டு மட்டைகளுக்கு பிரிட்டனில் அனுமதி கிடைத்தது. 1932இல் ஜீன் சாரசென் தானே பற்ற வைத்துச் செய்த சேண்ட் வெட்ஜோடு வந்து பிரிட்டிஷ் ஓப்பனை ஜெயித்தார். மட்டைகள் பெருகிப்போய் சில ஆட்டக்காரர்கள் இருபதுக்கும் மேல் பையில் அடைத்துக்கொண்டு வர, 1938இல் அமெரிக்காவும் 1939இல் பிரிட்டனும் 14க்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டன. அந்தச் சட்டத்துக்கு மனதார நன்றி சொல்லியிருக்க வேண்டியவர்கள் பையைத் தூக்கியவர்கள்.

இந்தப் பையைத் தூக்கியவர்கள்தான் நம்மூர்க் கதைக்கு வழி.

பிரிட்டனுக்கு வெளியே உலகத்தின் மிகப் பழைய கோல்ஃப் கிளப் கல்கத்தாவில் இருக்கிறது. 1829இல் ஆரம்பித்தது. பெங்களூரு 1876. மெட்ராஸ் ஜிம்கானா கிளப் 1884இல் தொடங்கியது. அதன் கோல்ஃப் மைதானம் கிண்டி குதிரைப் பந்தய ஓடுபாதையின் வட்டத்துக்கு உள்ளே அமைந்தது. காஸ்மோபாலிடன் கிளப் அதற்கும் முன்னால், 1873இல், இந்தியர்களுக்கும் இடம் உண்டு என்று தொடங்கப்பட்டது. அதன் கோல்ஃப் பிற்பாடுதான் வந்தது. மலைக்குப் போனால் ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895. அங்கே கிரீனில் காட்டெருமை நிற்பது சகஜம். விதிப் புத்தகம் என்ன சொன்னாலும் அது போகும்வரை ஆட்டக்காரர் காத்திருப்பதுதான் உத்தமம்.

ஸ்காட்லாந்தில் கற்ற அப்ரோச் ஷாட் இங்கே செல்லாது. முதல் காரணம் புல். நம் சமவெளி வெயிலுக்கு ஸ்காட்லாந்துப் புல் தாங்காது. நீர் பாய்ச்சிப் பராமரிக்க வசதியும் இல்லை. ஆகவே பல பழைய இந்திய மைதானங்களில் குழியைச் சுற்றிப் புல்லே கிடையாது. மண்ணை இறுக்கி, எண்ணெய் கலந்த மணலை மேலே பரப்பியிருப்பார்கள். கிரீனுக்குப் பதில் 'பிரௌன்' என்று பெயர். ஒருவர் நடந்த தடத்தை அடுத்தவர் வருவதற்குள் கோணியோ மிதியடியோ இழுத்துச் சமன் செய்ய வேண்டும். உயரத்திலிருந்து விழும் பந்து இந்தத் தரையில் எப்படித் துள்ளும் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஆகவே முன்னாலேயே கட்டாந்தரையில் விழவைத்து, துள்ளி ஓடவிட்டு, மெதுவாக உள்ளே நுழையவிட வேண்டும். அலன் ராபர்ட்சனின் பழைய உருட்டல் இங்கே மறுபிறவி எடுத்தது. சரியாகச் செய்ய, கொடிக்கு எவ்வளவு தூரம் என்பதைவிட, பந்து முதலில் தொடும் இடத்தில் தரை எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். மழை பெய்து இரண்டு நாள் ஆன தரை வேறு, சித்திரை மாதத் தரை வேறு.

பிற்பாடு வெயில் தாங்கும் புல் கிரீன்கள் வந்தன. உலகம் முழுக்க வெப்ப நாட்டு மைதானங்களில் போடுவது பெர்முடா புல். பெயரைக் கேட்டு அட்லாண்டிக் சமுத்திரச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். நம்மூரில் அருகம்புல். பிள்ளையார் தலையில் வைக்கிற அதே புல்லும் அதன் கலப்பின உறவுகளும்தான். அருகம்புல் படுத்து வளரும், ஒரு திசை பார்த்துச் சாயும். சாய்ந்த திசையில் பந்து ஓடும், எதிர்த்திசையில் தேங்கும். எந்த கிரீனில் புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பதும் கணக்கில் சேர்ந்தது.

இரண்டாவது காரணம் காற்று. சென்னையில் கோடைக்காலக் காலையில் மேற்கிலிருந்து சூடான தரைக்காற்று. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று. கடல் நோக்கி அடிக்க வேண்டிய ஒரு குழிக்கு, காலை ஏழு மணிக்கு எட்டாம் நம்பர் மட்டை போதும் என்றால், மூன்று மணிக்கு ஆறாம் நம்பர் தேவைப்படலாம். தூரம் அதேதான், பதில் வேறு. ஊட்டிக்குப் போனால் இன்னொரு சிக்கல். 7,000 அடிக்கு மேல் காற்று லேசு. பந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பறக்கும். மெட்ராஸ் கணக்கில் அடித்தவர் பந்தைக் கிரீனுக்குப் பின்னால் புதரில் தேட வேண்டியதுதான்.

இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருந்தார்கள்? கலெக்டரும் கம்பெனி அதிகாரியும் வாரத்தில் இரண்டு நாள் வந்து ஆடுகிறவர்கள். மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். அதே தரையில் தினமும் நடந்தவர் பையைத் தூக்கும் கேடி.

'கேடி' என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். போலீஸ் பதிவேட்டில் 'நோன் டெப்ரடேட்டர்' என்று எழுதி வைத்த பழைய குற்றவாளிகளின் சுருக்கப் பெயர் சினிமா வழியாக ஊர் முழுக்கப் பரவிய சொல் அது. கோல்ஃப் கேடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது பிரெஞ்சு 'காடெட்'டிலிருந்து ஸ்காட்லாந்துக்கு வந்து, எடின்பரோ தெருக்களில் கூலிக்குச் சாமான் தூக்கும் பையன்களுக்கு ஆகிவந்த பெயர். ஆனால் உச்சரிப்பு ஒன்றுதான். கிளப்பில் என்ன வேலை என்று கேட்டால் 'கேடி' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத வேலை.

கேடியின் கையில் அளவு நாடா கிடையாது. ஒரு மரம், ஒரு மேடு, பந்தயப் பாதையின் வேலிக் கம்பம் இவைதான் அளவுகோல். கிண்டி மாதிரி சமதரையில் தூரத்தைக் கண் ஏமாற்றும். கொடிக்குப் பின்னால் மரமோ சுவரோ இல்லையென்றால் 130 கஜமும் 160 கஜமும் ஒன்று போலத் தெரியும். "ஏழாம் நம்பர் எடுங்க சார், கொடிய பாக்காதீங்க, இடது பக்கம் விடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். சார் கேட்டால் பந்து கிரீனில். கேட்காவிட்டால் மணல்குழியில். மணல்குழியில் விழுந்தால் சில சமயம் திட்டும் கேடிக்குத்தான்.

தூரம், காற்று, தரை, புல் என்று அத்தனையும் தெரிந்தவர் ஆடக்கூடாது. இதுதான் ஏற்பாடு. பல இந்திய கிளப்களில் மைதானத்துக்கு வாரவிடுமுறை திங்கட்கிழமை. அன்றைக்கு மட்டும் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். மற்ற நாட்களில் மரக்கிளையை வளைத்து வேலிக்கு வெளியே அடித்துப் பழகியவர்கள் எத்தனையோ பேர். இது நம்மூருக்கு மட்டும் உரிய ஏற்பாடும் இல்லை. ஸ்பெயினில் செவெ பாலஸ்டெரோஸ் சிறுவயதில் கிளப் கேடி. உள்ளே ஆட அனுமதியில்லாமல் கடற்கரை மணலில் ஒரே ஒரு மூன்றாம் நம்பர் இரும்பு மட்டையை வைத்து எல்லா அடிகளையும் கற்றுக்கொண்டார். அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டிக்கு 1982 வரை கிளப்பின் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கறுப்பினத்தவர்கள். அந்த கிரீன்களின் சாய்வு ஒவ்வொன்றும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் போட்டியில் ஒரு கறுப்பினத்தவர், லீ எல்டர், ஆட்டக்காரராக இறங்க 1975 ஆக வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விடக் கொடுமையான கதை டர்பனில் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர் சீவ்சங்கர் சீவ்கோலம். எல்லோரும் 'பப்வா' என்று கூப்பிடுவார்கள். பள்ளிப்படிப்பு இல்லை. சிறுவயதிலேயே கேடி. யாரும் சொல்லிக் கொடுக்காததால் மட்டையைத் தலைகீழாகப் பிடித்தார். வலதுகைக்காரர்களுக்கு வலது கை கீழே இருக்க வேண்டும், அவருக்கு இடது கை கீழே. எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே திருத்தும் பிழை. அந்தப் பிழையோடு 1959, 1960, 1964 என்று மூன்று தடவை டச்சு ஓப்பனை ஜெயித்தார். முதல் தடவை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனவர், அவர் யாருக்குப் பை தூக்கினாரோ அந்த வெள்ளைக்காரர் கிரஹாம் உல்ஃப். ஓயில் ஆஃப் ஒலே முகக்கிரீமைக் கண்டுபிடித்தவரும் இவர்தான்.

1963இல் சொந்த ஊரில் நட்டால் ஓப்பன். டர்பன் கண்ட்ரி கிளப்பில் பப்வா ஜெயித்தார். பரிசளிப்பு நேரத்தில் மழை. நிறவெறிச் சட்டப்படி இந்தியர் கிளப் கட்டடத்துக்குள் நுழையக்கூடாது. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் உள்ளே இருக்க, சாம்பியன் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போயிற்று. 1965இல் கேரி பிளேயரையே தோற்கடித்து அதே நட்டால் ஓப்பனை மறுபடி ஜெயித்தார். அதற்குப் பிறகு அரசாங்கம் அவருக்குப் போட்டிகளில் ஆட அனுமதி தருவதையே நிறுத்திவிட்டது. 1978இல் வறுமையில் இறந்தார்.

இந்தியாவில் கதவு மெல்லத் திறந்தது. இந்தியன் ஓப்பன் 1964இல் ஆரம்பமானது. அடுத்த வருஷமே பி.ஜி. சேத்தி என்ற அமெச்சூர் ஜெயித்தார். அதற்குப் பிறகு இந்தியர் யாரும் ஜெயிக்காமல் இருபத்தைந்து வருஷம் போயிற்று. 1991இல் ஜெயித்தவர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பின் முன்னாள் கேடி. போட்டி நடந்ததும் டெல்லி கோல்ஃப் கிளப்பில்தான். இரண்டு பக்கமும் புதர் நெருக்கும் குறுகலான மைதானம் அது. ஓங்கி அடிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் புதருக்குள் பந்து தேடும் இடத்தில், எந்த இடத்திலிருந்து கிரீனைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஆளுக்குத்தான் மதிப்பு. அதே மைதானத்தில் 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை எஸ்.எஸ்.பி. சௌராசியா ஜெயித்தார். கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன், பத்து வயது வாக்கிலேயே மட்டை தூக்கியவர். குள்ளமான ஆள், தூரம் அடிக்க வராது. கிரீன் பக்கத்தில் வந்துவிட்டால் மாயம் செய்வார் என்பதால் 'சிப்-புட்-சியா' என்று பட்டப்பெயர். பிறகு 2016, 2017 என்று அடுத்தடுத்து இந்தியன் ஓப்பனும் அவருக்குத்தான். நடுவில் 2009இல் அதை ஜெயித்தவர் பெங்களூரு முனியப்பா. அவரும் கேடியாக இருந்தவர்.

இந்தப் பட்டியலில் வரும் ஒருவரும் தூரம் அடிப்பதற்குப் பேர் போனவர் இல்லை என்பது தற்செயல் என்று தோன்றவில்லை. பை தூக்கி நடந்தவனுக்குக் கிடைத்த பாடம் அடுத்த அடியைப் பற்றியது. பெங்களூரு அதிதி அசோக் கேடியாக இருந்தவர் இல்லை, ஆனால் அவரையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தூரத்தில் கடைசி வரிசையில் இருந்தவர், நீளமான மட்டைகளால் கிரீனை எட்டிப்பிடித்து, ஒரே ஒரு அடியில் பதக்கத்தை விட்டு நான்காவதாக வந்தார். அன்றைக்கு அவருக்குப் பை தூக்கியவர் அம்மா.

கேடியின் தலையில் இருந்த கணக்கு மெல்ல வெளியே வந்த கதை தனி. 1961இல் அமெரிக்க அமெச்சூர் போட்டிக்கு முன் டீன் பீமன் சொன்ன யோசனையைக் கேட்டு ஜாக் நிக்லஸ் மைதானத்தைக் காலால் அளந்து, ஒவ்வொரு மரத்திலிருந்தும் கிரீனுக்கு எத்தனை கஜம் என்று குறித்து வைத்துக்கொண்டார். போட்டியையும் ஜெயித்தார். அதுவரை கண்ணால் பார்த்து அடிப்பதுதான் ஆண்மை என்று இருந்தது. பிறகு எல்லோர் பாக்கெட்டிலும் தூரப் புத்தகம் வந்தது. 2006இல் தூரம் அளக்கும் லேசர் கருவிகளை கிளப்கள் விரும்பினால் அனுமதிக்கலாம் என்று ஆயிற்று. 2019இல் பொதுவிதியே அனுமதித்துவிட்டது. கருவியைக் கொடிக்கு நேரே பிடித்தால் 147 என்று எண் வரும்.

கொலம்பியா பல்கலைக்கழக பிசினஸ் ஸ்கூலில் நிதியியல் சொல்லிக்கொடுக்கும் மார்க் பிராடி இன்னும் ஒரு படி போனார். பேலன்ஸ் ஷீட் பார்க்கிற கண்ணோடு அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் லட்சக்கணக்கான அடிகளைக் கணினியில் போட்டு, எந்த அடியில் லாபம், எந்த அடியில் நஷ்டம் என்று பிரித்தார். 'டிரைவ் காட்சிக்கு, புட் காசுக்கு' என்று கோல்ஃபில் ஒரு பழமொழி உண்டு. கடைசியாகக் குழியில் தள்ளுவதில்தான் பணம் என்று அர்த்தம். 2014இல் வந்த பிராடியின் புத்தகம் அதைக் கவிழ்த்தது. முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிடப் பெறும் ஆதாயத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் அப்ரோச் ஷாட்டில் வருகிறது, குழியில் தள்ளுவதில் 15 சதவீதம்தான் என்றது. உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களே 150 கஜத்திலிருந்து அடித்தால் சராசரியாகக் கொடிக்கு இருபது அடிக்கு மேல் தள்ளித்தான் விழுகிறது. ஆகவே சாதாரண ஆள் கொடியை மறந்துவிட்டு, கிரீனின் நடுவைப் பார்த்து, நினைப்பதைவிட ஒரு மட்டை கூடுதலாக எடுத்து அடிப்பதுதான் லாபம் என்பது கணக்கு சொல்லும் பாடம். 'கொடிய பாக்காதீங்க சார்' என்ற குரலுக்கு நாற்பது சதவீத மதிப்பு இருந்தது என்று சொல்ல ஒரு பேராசிரியரும் கணினியும் தேவைப்பட்டிருக்கிறார்கள். அந்தக் குரலுக்கு ஒரு சுற்றுக்குக் கொடுத்த கூலியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

லேசர் 147 என்று சொல்லும். மூன்று மணிக் கடல்காற்றில் அது எத்தனை, முந்தாநாள் மழைக்குப் பிறகு கிரீனின் முன்பக்கம் பந்தை நிறுத்துமா என்று சொல்லாது. அதற்கு அந்தத் தரையில் நடந்திருக்க வேண்டும்.

தரை என்றதும் கிண்டிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கே குதிரைப் பந்தயம் 1777இலிருந்து நடந்த இடம். மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 160 ஏக்கர் சொச்சம் நிலம் 1946 முதல் 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா. அப்ரோச் ஷாட்டில் தூரத்தைத் தப்பாகக் கணக்கிடுவது பற்றி இவ்வளவு பேசியாயிற்று, இந்த வாடகையைக் கணக்கிட்டவரை என்ன சொல்வது! பிற்பாடு அரசு வாடகையை உயர்த்த, கிளப் மறுக்க, வழக்கு பல பத்தாண்டுகள் ஓடி, பாக்கி 730 கோடி ரூபாயைத் தாண்டியது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து வாசலுக்குச் சீல் வைத்தது. ஓடுபாதையின் வட்டத்துக்குள் இருந்த கோல்ஃப் மைதானமும் பூட்டுக்குள் போனது. ஜிம்கானா கிளப் நீதிமன்றத்துக்குப் போனது.

கிண்டி, வேளச்சேரி பக்கம் மழைக்காலத்தில் முட்டியளவு தண்ணீரில் நடப்பவர்களைக் கேட்டால் இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை என்பார்கள். நியாயம்தான். அந்த நிலத்தில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்க அரசு முடிவு செய்தது. வெள்ள நீரைப் பிடித்து வைக்கக் குளங்களும் வெட்டினார்கள். கோல்ஃபில் பந்தை விழுங்குவதற்கென்றே கிரீனுக்கு முன்னால் குளம் வெட்டுவது உண்டு. நூறு வருஷத்துக்கு மேல் கஜம் கஜமாக மனதால் அளக்கப்பட்ட அந்தச் சமதரையில் குளம் வந்தது வேளச்சேரிக்காக.